பன்னிரண்டாவது பெயர்

லவினியா எழுதிய ஒரு வசனம் சுவரில் ஏறிவிட்டது. ஜெர்மன் மொழியில் மேலே, பிரெஞ்சில் கீழே, கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஆளில்லாத மண்டபத்தில் நின்று அதை மூன்றாம் தடவையாக வாசித்தாள். பழைய படங்களைத் துடைத்தும் ஒட்டியும் பிழைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு நாள் இலகுவில் வாய்க்காது. அவர்களுடைய பெயர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கும் கீழே வரும். வசனமே சுவரில் வந்தால் கொஞ்சம் தலைக்கனம் வரத்தானே செய்யும்.

டோர்ட்மண்டிலிருந்து முக்கால் மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் சின்ன நகரம் அது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பழைய புகைப்படங்களைப் பராமரிப்பது அவள் வேலை. அன்று பதினொரு மணிக்கு மொன்வெர்னே பற்றிய கண்காட்சி திறக்க இருந்தது. மொன்வெர்னே என்பது பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் நானூறு பேர் வாழும் ஒரு கிராமம். அங்கே ஒரு தேவாலயம், ஒரு சதுக்கம், ஊர்ச் சனத்தை விட அதிக எண்ணிக்கையில் மாடுகள். 1944 ஜூலையில் அந்த ஊருக்கு மேலே ஓர் ஆட்டுப்பட்டியில் ஒளிந்திருந்த எதிர்ப்புப் படைப் பையன்கள் பதினொரு பேரை ஜெர்மன் படை விடியற்காலையில் சுற்றிவளைத்துச் சுட்டது. சுட்டவர்களில் இந்த நகரத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிற்காலத்தில் இரண்டு ஊர்களும் கைகுலுக்கி, இரட்டை ஊர்களாகி, மாறி மாறி விருந்து வைப்பதற்குக் காரணம் அதுதான்.

பட்டியில் தங்கியிருந்தவர்கள் உண்மையில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாமவன் லூசியன் ரம்பேர், வயது பத்தொன்பது. அவன் உடலும் கிடைக்கவில்லை, ஆளும் திரும்பி வரவில்லை. ஒளிவிடத்தைக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான் என்று ஊர் முடிவு கட்டியது. ஊரிடம் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று, அவனைப் பெற்ற தாய். அன்று தேவாலயத்துக்குள் அடைக்கப்பட்டிருந்த சனம், அவள் வெளியே சதுக்கத்தில் நின்று சிப்பாய்களைப் பார்த்துக் கத்தியதைத் தங்கள் காதால் கேட்டது. “அவன் என் மகனில்லை. அவனை வெட்டி எறிந்துவிட்டேன்!”

அதன் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் அந்தச் சதுக்கத்தில் பதினொரு பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூடிநிற்கும் சனம் “மோர் பூர் லா பிரான்ஸ்” என்று பதில் சொல்லும். பிரான்சுக்காக மரித்தார் என்று பொருள். பன்னிரண்டாவது பெயரை எண்பது வருடமாக யாரும் வாசித்ததில்லை.

கண்காட்சிக்காக அந்த ஊரிலிருந்து வந்த பெட்டியொன்றில் ரம்பேர் குடும்பத்தின் படம் இருந்தது. 1943இல், வீட்டு வாசலில் ஒன்பது பேர். தாய் கதிரையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி. சிறுமிக்குப் பின்னால் சற்று விலகி நின்றவனை மட்டும் யாரோ கூரான அலகால் தலையிலிருந்து முழங்கால் வரை வெட்டி எடுத்திருந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன் லவினியா தன் அறிக்கையில் எழுதினாள்: உருவம் திட்டமிட்டே அகற்றப்பட்டுள்ளது, குடும்பத்தினர் அவரைத் தள்ளிவைத்ததைக் காட்டுவதாக இருக்கலாம். அறிக்கையை வாசித்த ஹோல்ட்காம்ப் அம்மையார், கண்காட்சியின் பொறுப்பாளர், உற்சாகத்தில் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். சுவருக்குப் போகும் வழியில் அந்த ‘இருக்கலாம்’ எங்கேயோ விழுந்துபோயிற்று. பலகை இப்போது இப்படிச் சொன்னது: ‘காட்டிக்கொடுத்த லூசியன் ரம்பேர். தாயே அவனைக் குடும்பப் படத்திலிருந்தும் வெட்டி எறிந்தாள்.’

ஜெர்மன்காரர் பத்து மணி என்றால் பத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே கதவடியில் நிற்பார்கள். லவினியாவின் அம்மா றீற்றா அவர்களையும் வென்றவர். பதினொரு மணித் திறப்புக்கு ஒன்பதேகாலுக்கே வந்து சேர்ந்தார். கையில் பெரிய பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் அறுபது மரக்கறி ரோல்ஸ். சாப்பாட்டுக்கு ஆள் ஒழுங்கு செய்திருக்கிறோம் என்று மகள் இரண்டு முறை ரெலிபோனில் சொல்லியிருந்தாள்.

“அவங்கள் காய்ஞ்ச பாணும் சீசும்தான் வைப்பாங்கள்,” என்று பெட்டியை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு, “எங்கை, உன்ர எழுத்தைக் காட்டு பாப்பம்,” என்றார்.

லவினியா கூட்டிக்கொண்டு போனாள். றீற்றா முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு கைப்பையோடு இறங்கியவர். பிறகு டோர்ட்மண்டில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து ஜெர்மன் படித்தார். அதனால் பலகையை வாசிக்க அவருக்கு யாரும் துணை வேண்டியதில்லை. ஆனால் அவர் பலகையைப் பார்க்கவேயில்லை. படத்துக்கு முன்னால் நின்று, ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்தப் பிள்ளையை ஆர் ஒளிச்சது?”

“ஒளிக்கேல்லை அம்மா. வெட்டி எறிஞ்சது. கூட இருந்தவங்களைக் காட்டிக்குடுத்தவன்.”

“ஆர் சொன்னது?”

லவினியா பலகையைக் காட்டினாள். அது தன் அறிக்கையிலிருந்து எடுத்தது என்று சொல்லும்போது, அந்த நேரத்திலும், குரலில் ஒரு துளி பெருமை இருந்தது. றீற்றா விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார்.

“உனக்கென்ன விசரா?”

“அம்மா, மெல்லக் கதையுங்கோ.”

“கோபத்தில வெட்டுறவள் இப்பிடியே வெட்டுவாள்? முகத்தைக் கீறுவாள். கிழிச்சு அடுப்புக்கை போடுவாள். இஞ்ச பார். இந்தச் சின்னப்பிள்ளையின்ர தோளில அவன்ர கை கிடக்கு. அந்தக் கையையும் எடுத்தா பிள்ளையின்ர தோள் போயிடும். அதுக்காக மணிக்கட்டோட நிப்பாட்டி வெட்டி, கையை அங்கேயே விட்டிருக்கிறா. வெட்டினவாவுக்கு அழுகை வந்திருக்கும், ஆனா கை நடுங்கேல்லை.”

லவினியா குனிந்தாள். சிறுமியின் தோளில் நான்கு விரல்கள். அவற்றை அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாள். வெட்டின் அகலத்தை அளந்து, ‘மிகத் துல்லியமானது’ என்று அறிக்கையில் எழுதியும் இருக்கிறாள். அளந்தாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நானும் வெட்டினனான்.”

டோர்ட்மண்ட் வீட்டு வரவேற்பறையில் பெரியம்மாவின் கலியாணப் படம் இருக்கிறது. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில், ஒரு ஆளின் அளவில் ஓட்டை. சின்ன வயதில் அவளோடு படித்த ஒரு பிள்ளையின் தாய், விவாகரத்துக்குப் பிறகு புருஷனை எல்லாப் படத்திலிருந்தும் கத்தரித்து எறிந்தாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தானாக்கும் என்று லவினியா நினைத்தாள். பன்னிரண்டு வயதில் ஒருமுறை கேட்டபோது, அதைப் பற்றிக் கதைக்காதை என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார். அந்த ஆள் குடிகாரனாக இருக்கவேண்டும், அல்லது யாரையோ கூட்டிக்கொண்டு ஓடியிருக்கவேண்டும் என்று அவளே தீர்ப்பு எழுதிவைத்திருந்தாள். அப்படி ஒரு படத்தின் கீழே வளர்ந்தவள்தான், பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்து, அதே தீர்ப்பை இங்கேயும் எழுதியிருக்கிறாள்.

“ஸ்ரனிஸ்லாஸ். என்ர மூத்த அண்ணன்,” என்றார் றீற்றா. “எண்பத்தஞ்சில இயக்கத்துக்குப் போயிட்டான். ஆமி எங்கட குருநகரில வீடு வீடா ஏறுறாங்கள். பெடியன்ர படம் அம்பிட்டா, வீட்டில இருக்கிற மற்ற ஆம்பிளைப் பிள்ளையளைக் கொண்டுபோயிடுவாங்கள். அவன் நிண்ட படம் அக்காவின்ர கலியாணப் படம் ஒண்டுதான் இருந்தது, எரிக்க மனம் வரேல்லை. அம்மாவுக்குக் கை நடுங்கினது. நான்தான் பிளேட் எடுத்தனான்.”

“ஓட்டையைப் பாத்துக் கேக்கேல்லையோ அவங்கள்?”

“கேட்டவங்கள்தான். குடும்பத்தைக் கெடுத்தவன், என்ர பிள்ளையே இல்லை, வெட்டி எறிஞ்சிட்டன் எண்டு அம்மா தலையில அடிச்சுக் கத்தினவா. நம்பிட்டுப் போயிட்டாங்கள்.” றீற்றா பலகையைப் பார்த்தார். “ஆமிக்குச் சொல்லுற பொய் அது. அதைக் கொண்டுவந்து நீ சுவரில எழுதி வைச்சிருக்கிறாய்.”

லவினியா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இதே சொற்களைத்தான் ரம்பேர் வீட்டுத் தாயும் கத்தினாள், அதுவும் சிப்பாய்களைப் பார்த்து.

“வெட்டின துண்டை என்ன செய்தனீங்கள்?”

“எறிவமே? திரும்பி வந்தா ஒட்டவேணுமே. மடு மாதா படத்துக்குப் பின்னால வைச்சம். அரிசிப் பானைக்குள்ளயும் கை விட்டுத் துழாவுறவங்கள், மாதாவில கை வைக்கமாட்டாங்கள்.” பிறகு, “துண்டு போயிட்டுது. செல் விழுந்து வீட்டோட. அவனும் திரும்பி வரேல்லை,” என்றார்.

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள், ரம்பேர் வீட்டிலிருந்தே வந்த ஒரு மாதா படம் இருந்தது. சாயம் மங்கிய நீல அங்கி, கறுப்பு மரச் சட்டம், பின்புறம் பழுப்புக் காகித நாடாவால் மூடி ஒட்டியது. பழுதில்லை, திறக்கத் தேவையில்லை என்று குறிப்பு எழுதி ஒதுக்கிவைத்தவளும் லவினியாதான். தாயும் மகளும் ஒரே நேரத்தில் அதன் பக்கம் திரும்பினார்கள்.

ஹோல்ட்காம்ப் அம்மையார் கெட்டவர் அல்ல. மூன்று வருடம் இரண்டு நாட்டு ஆவணங்களைத் தோண்டி, தன் ஊர்ப் பிள்ளைகள் செய்ததை மறைக்காமல் சுவரில் எழுதவேண்டும் என்று நகரசபையோடு மல்லுக்கட்டியவர். அன்று காலை மூன்றாவது கோப்பியோடு தன் உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். லவினியா சொன்னதை முழுவதும் கேட்டார்.

“உங்கள் அம்மா பட்டது பெரிய துயரம்,” என்றார். “ஆனால் யாழ்ப்பாணத்தில் நடந்தது மொன்வெர்னேயில் நடந்ததற்கு ஆதாரம் ஆகாது.”

“சிப்பாய்கள் அவனைத் தேடி வராவிட்டால், அவன் என் மகனில்லை என்று அவள் ஏன் அவர்களிடம் கத்தவேண்டும்? தங்களுக்காக உளவு பார்த்தவனை அவர்கள் ஏன் தாயின் வீட்டில் தேடவேண்டும்?”

அம்மையாரின் பேனா நின்றது. பிறகு தலையை ஆட்டினார்.

“நல்ல கேள்வி. விடை அல்ல. எண்ணூறு புத்தகம் அச்சாகிவிட்டது லவினியா. அந்த வரிக்கு அடிக்குறிப்பே உங்கள் கையெழுத்திட்ட அறிக்கைதான்.”

“அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். மாதா படத்தைத் திறக்க விடுங்கள்.”

“இரவல் வாங்கிய பொருளில் ஓர் ஆணியைக்கூடத் தொடமுடியாது. கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்தில்லாமல் தொட்டால் நாளைக்கு உங்களுக்கு இங்கே வேலை இருக்காது, அதை என்னாலும் தடுக்கமுடியாது.”

கொடுத்தவர் யார் என்று இருவருக்கும் தெரியும். ஒடில் ரம்பேர், லூசியனின் தங்கை, படத்தில் இருக்கும் அந்தச் சிறுமி. இப்போது எண்பத்தெட்டு வயது. நீண்ட பயணம் தாங்கமாட்டார், வரமாட்டார் என்று மொன்வெர்னேயிலிருந்து எழுதியிருந்தார்கள்.

பத்தரைக்கு மொன்வெர்னே பஸ் வந்தது. முதலில் மேயர் வியால் இறங்கினார். மூவர்ணப் பட்டி கட்டிய உயரமான மனிதர், சுடப்பட்ட பதினொருவரில் ஒருவனின் தம்பி மகன். பின்னால் நாற்பது பேர், கால்களை உதறிக்கொண்டு. எல்லோரும் இறங்கிய பிறகு, ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன உருவம் இறங்கியது. சாம்பல் நிறக் கோட்டு, கைத்தடி. இறங்கிய உடனே கூட்டத்தின் கடைசிக்குப் போய் நின்றது. அது வயோதிகத்தின் தயக்கம் அல்ல, எண்பது வருடப் பழக்கம். ஜூலையில் பெயர்கள் வாசிக்கும்போது அவர் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

வந்துவிட்டார். இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் இந்த மண்டபத்துக்குள் நடந்து, தன் அண்ணனைப் பற்றிய பலகையை இரண்டு ஊர்ச் சனத்துக்கும் முன்னால் வாசிக்கப்போகிறார். கையெழுத்துக் கேட்பதென்றால், சுவரில் இருப்பதை அவரிடம் தன் வாயாலேயே சொல்லவேண்டும். சொல்லி, நம்பிக்கையையும் கொடுத்து, சட்டத்தைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லையென்றால்? வெறும் அட்டைதான் என்றால், இந்த வயதில் அந்த மனுஷியை ஏன் கொன்றாய் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. அவளே கேட்டுக்கொள்வாள்.

“போய்க் கேள்,” என்றார் பின்னால் நின்ற றீற்றா.

“ஒண்டும் இல்லாட்டி?”

“இருக்கும் எண்டு நான் சத்தியம் செய்ய ஏலாது. ஆனா அந்த மனுசி உள்ள வந்து உன்ர எழுத்தை வாசிக்கிறதை விட இது மோசமே?”

லவினியாவுக்கு பிரெஞ்சு நன்றாக வரும். பள்ளி விடுமுறைகளையெல்லாம் பாரிஸில் சித்தி வீட்டில் கழித்தவள். ஒடில் ரம்பேரை வேலையறைக்கு அழைத்துப்போய், கதிரையில் இருத்தி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அறிக்கை, பலகை, தன் பிழை, அம்மா சொன்னது, எல்லாவற்றையும். ஒடில் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“சுவரில் இருப்பது எனக்குப் புதிதல்ல,” என்றார் கடைசியில். “ஊரில் அதைச் சுவரில் எழுதாமலே வாசிப்பார்கள். என் அண்ணனோடு எனக்குக் கோபமில்லை, மகளே. அம்மாவோடுதான் கோபம். உலகம் என்ன சொன்னாலும், ஒரு தாய் எப்படித் தன் பிள்ளையை வெட்டி எறிவாள்? எட்டு வயதிலிருந்து நான் அம்மாவின் கல்லறைக்குப் பூ வைத்ததில்லை.”

“அவர் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையா?”

“எப்படிச் சொல்வது? ஆகஸ்டில் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது, ஒக்டோபரில் இறந்துவிட்டாள். படுக்கையிலிருந்து அந்த மாதா படத்தைக் காட்டுவாள், காட்டிக் காட்டி அழுவாள். செபம் சொல்லச் சொல்கிறாளாக்கும் என்று நான் முழங்காலில் இருந்து செபம் சொல்லுவேன். அதற்கும் அழுவாள். மறுபடியும் அதையே…”

ஒடில் ரம்பேர் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது. றீற்றாவுக்கு பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் போய்த் தோளில் கை வைத்தார்.

“எங்கே கையெழுத்து?” என்றார் ஒடில்.

கையெழுத்தைப் பார்த்த பிறகு ஹோல்ட்காம்ப் அம்மையார் தானே பெட்டியின் பூட்டைத் திறந்து மாதா படத்தைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் மேயரும் வந்தார். இருபது நிமிடம்தான் இருக்கிறது, இதென்ன புதுக்கூத்து என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. விளக்கம் கேட்டதும் அது கடுத்தது.

“மதாம் ரம்பேர், நாங்கள் உங்களை ஒருபோதும் குறை சொன்னதில்லை. இதைத் தோண்டவேண்டாம்.”

“குறை சொன்னதில்லை,” என்றார் ஒடில். “பேசியதும் இல்லை.”

லவினியா கையுறை போட்டாள். படத்தைக் கவிழ்த்துவைத்து, காகித நாடாவை ஈரம் காட்டி உரித்தாள். நான்கு சின்ன ஆணிகள். துருப்பிடித்த மூன்றாவது ஆணி அசைய மறுத்தது. வெளியே பித்தளை வாத்தியக் குழு சுருதி பார்க்கும் சத்தம் கேட்டது. ஆணி வந்தது. அட்டையைத் தூக்கினாள்.

மாதாவின் முதுகு வெறுமையாக இருந்தது. பழுத்த காகிதம், மூலையில் அச்சகத்தின் முத்திரை, வேறு ஒன்றும் இல்லை.

ஹோல்ட்காம்ப் அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். மேயர் மூச்சை விட்டு, “போதும்,” என்றார். அது வெற்றிக் குரல் அல்ல, அவருக்கும் என்னவோ செய்தது. ஒடில் ரம்பேர் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவரை இரண்டாம் முறை கொன்றுவிட்டேன் என்று லவினியா நினைத்தாள். கையில் இருந்த அட்டையை மேசையில் வைக்கப் போனவள், வைக்கவில்லை. பத்து வருடமாக அட்டைகளோடு புழங்கிய விரல்கள். இது ஓர் அட்டையின் பாரம் அல்ல.

விளக்கின் கீழே விளிம்பைப் பிடித்தாள். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு அட்டைகள். ஓரம் முழுக்கக் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்த தையல்.

“அம்மா தையல்காரி,” என்றார் ஒடில். எழுந்துவிட்டார். எப்போது எழுந்தார் என்று யாரும் காணவில்லை.

“நாங்கள் கோதுமைமாப் பசையால ஒட்டினனாங்கள்,” என்றார் றீற்றா தமிழில். “இவா என்னிலும் கெட்டிக்காரி.”

லவினியா கத்திமுனையால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். அவசரப்படமுடியாது, அறுபது எழுபது தையல் இருக்கும். பாதியில் கதவைத் தட்டி யாரோ நேரம் சொன்னார்கள், ஹோல்ட்காம்ப் அம்மையார் கதவைத் திறக்காமலே காத்திருங்கள் என்றார். கடைசி நூலும் போனதும் அட்டைகள் பிரிந்தன. நடுவில் மடித்த நாட்காட்டித் தாள். தாளுக்குள் ஒரு பையன்.

சுருட்டை முடி, சிரிப்பை அடக்கிய வாய், சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. இடது கை மணிக்கட்டோடு முடிந்தது. லவினியா அதைத் திருப்பினாள். பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை உரக்க வாசித்தாள்.

“லூசியன். 1944 மார்ச் 3, மலைக்குப் போனான். வந்ததும் ஒட்டவேண்டும்.”

“மார்ச்,” என்றார் ஹோல்ட்காம்ப் அம்மையார். சுற்றிவளைப்பு நடந்தது ஜூலையில். நான்கு மாதம் கழித்து நடக்கப்போகும் துரோகத்துக்காக ஒரு தாய் மார்ச்சில் மகனை வெட்டி எறியமாட்டாள். அதை யாரும் அந்த அறையில் விளக்கவேண்டியிருக்கவில்லை.

மேயர் தொண்டையைச் செருமினார். “அவன் காட்டிக்கொடுக்கவில்லை என்று இது நிரூபிக்கவில்லை.”

“இல்லை,” என்றாள் லவினியா. “ஆனால் காட்டிக்கொடுத்தான் என்பதற்கு உங்களிடம் இருந்த ஒரே சாட்சி இவருடைய அம்மா. அவர் அன்று சிப்பாய்களிடம் சொன்னது பொய். அவருடைய உண்மையான வாக்குமூலம் இதுதான்.”

ஒடில் ரம்பேருக்கு இந்த வாதம் எதுவும் காதில் விழவில்லை. அண்ணனின் வேறு படம் எதுவும் அவரிடம் இருந்ததில்லை. எண்பது வருடமாக முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, கடைசியில் வெறும் ஓட்டைதான் அவருக்கும் ஞாபகத்தில் இருந்தது.

“காது பெரிசு,” என்றார். “இவனுக்குக் காது பெரிசு என்பதை நான் மறந்துவிட்டேன்.” பிறகு அழுதார். அண்ணனுக்காக அல்ல. “அம்மா, அம்மா,” என்றுதான் அழுதார்.

லவினியா குடும்பப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பசை இல்லாமல், துண்டை மட்டும் ஓட்டைக்குள் வைக்கும்படி சொன்னாள். ஒடில் இரண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பொருத்தினார். மணிக்கட்டு போய்க் கையோடு சேர்ந்தது. கை சிறுமியின் தோளில் இருந்தது.

ஹோல்ட்காம்ப் அம்மையார் மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். எண்ணூறு புத்தகத்தைப் பற்றி அன்று அவர் மறுபடி வாய் திறக்கவில்லை. பலகையை அவரே கழற்றினார். சுவரில் நான்கு ஓட்டைகள் மட்டும் மிஞ்சின.

பதினொன்றேகாலுக்குக் கதவுகள் திறந்தன. மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வாத்தியம் முடிந்ததும் மேயர் வியால் தன் ஊர் வழக்கப்படி தாளை எடுத்துப் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நாற்பது பேரும் “மோர் பூர் லா பிரான்ஸ்” என்றார்கள். பதினொன்றாவது பெயர் முடிந்தது. அந்த இடத்தில் அவர் ஒரு கணம் நின்றார். தாளில் அதற்கு மேல் பெயர் இல்லை. தாளை மடிக்கத் தொடங்கினார்.

“லூசியன் ரம்பேர்.”

கூட்டத்தின் கடைசியிலிருந்து வந்தது குரல். பெரிய குரல் அல்ல, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நாற்பது பேரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். பதில் சொல்ல எண்பது வருடமாகப் பழகாத பெயர். லவினியா வாயைத் திறந்தாள், அதற்குள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் எழும்பியது. பிரெஞ்சு தெரியாத றீற்றா, பதினொரு தடவை கேட்டதை அப்படியே பிடித்துவைத்திருந்தார்.

“மோர் பூர் லா பிரான்ஸ்,” என்றார், குருநகர்ப் பிரெஞ்சில், தனியாக.

அதன் பிறகு முன்வரிசையில் ஒரு கிழவர் சொன்னார். பின்னால் இரண்டு பெண்கள் சொன்னார்கள். ஆறேழு பேர் இருக்கும். மேயர் சொல்லவில்லை. ஆனால் மடித்த தாளை மறுபடி விரித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, என்ன சொன்னனீங்கள் எண்டு தெரியுமோ?” என்று லவினியா காதோடு கேட்டாள்.

“தெரியாது,” என்றார் றீற்றா. கண்களைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. “ஒரு பிள்ளையின்ர பேரைக் கூப்பிட்டா, ஆராவது ஒருத்தர் பதில் சொல்லத்தானே வேணும். எங்கட ஸ்ரனியின்ர பேரைக் கூப்பிடவே ஆளில்லை.”